சங்கு ஊதிய வயலின்

4 ஜூன் 1979, திங்கள்

ஆம்பூரில் நல்ல வெயில். தாரில் ஒட்டிய செருப்பைப் பிடுங்க இரண்டு ஆள் வேண்டும். ஆபீசில் ஃபேன் ஓடவில்லை.

மாட்சிமை தங்கிய இந்த டைரியின் முன் வலக்கை உயர்த்திச் சொல்கிறேன்: இந்த வாரம் இதில் ஏறப்போவது ஒருத்தரும் நம்பாத கதை. என்ன கதை என்று எனக்கே இன்னும் தெரியாது. நம்ப மாட்டார்கள் என்பது மட்டும் உறுதி.

ராச்சாப்பாடு ரோஸி அக்கா வீட்டில். கருவாடு, ரசம். அக்கா மகள் கிரேஸ் (ஒன்பது வயசு) வயலினைக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளியாயிற்று. காரணம், வேலூர் வாத்தியார். ஒரு வருஷமாக ஒரே பாடம், தப்பினால் விரலில் ஸ்கேல் அடி. வயலின் சர்ச்சுடையது.

அக்கா: "ஞாயித்துக்கிழமை கோயில்ல திருப்பிக் குடுத்துர்றேன். வேற பசங்க கேட்டுட்டு நிக்குது."

"குடுத்துடு" என்றாள் கிரேஸ். வாய்தான் சொன்னது. இடது கை விரல்கள் தட்டின் விளிம்பில் தந்தி அமுக்கிக்கொண்டிருந்தன. அதை நான் மட்டும் பார்த்தேன்.

"ஞாயிறு வரைக்கும் எனக்கு டயம் குடுக்கா."

"நீ இன்னா கிழிக்கப்போறே?"

தெரியாது. ஆனால் கிழிப்பேன்.

5, செவ்வாய்

புழுக்கம். சாயங்காலம் பேரணாம்பட்டு பஸ்ஸிலிருந்து வயலின் சொல்லிக்கொடுக்கும் எமிலி டீச்சரை இறக்கினேன். என் தோஸ்த்தின் தங்கை. கையைப் பார்த்தேன். குடை உண்டு, ஸ்கேல் இல்லை. பாதி ஜெயம்.

புத்தகத்தையே திறக்கவில்லை. "இங்க எந்தச் சத்தம் ஜாஸ்தி கேக்கும் உனக்கு?"

"டேனரி சங்கு." (வீட்டுக்குப் பின்னால்தான் டேனரியின், அதாவது தோல் ஆலையின், பின்கேட். மத்தியானச் சங்கு ஊதினால் சாப்பாட்டுக்குக் கேட் திறக்கும்.)

"எங்க, அதை இதுல ஊது."

கிரேஸ் திருதிருவென்று முழித்தாள். பிறகு விரலைத் தந்தியில் வழுக்கி மேலே ஏற்றினாள். சங்குக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒன்று வந்தது.

"சங்கு நடுங்குமா?"

"நடுங்காது."

"உன்னுது நடுங்குதே. வில்லை முனை வரைக்கும் இழு. அவசரப்படாதே."

வேலூர் வாத்தியார் ஒரு வருஷம் அடித்தும் நீளாத வில் கால் மணியில் நீண்டது. கிரேஸ் சிரிக்க ஆரம்பித்ததும் டீச்சர் வயலினை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். "போதும். அரை மணிக்கு மேல தொடக்கூடாது. தொட்டா பீரோல வெச்சுப் பூட்டிடுங்க."

அக்கா என் காதில்: "இது இன்னா கூத்துடா? வாசிக்காதேன்னு சொல்ற டீச்சரு!"

7, வியாழன்

மேகம், மழை கம்மி. பேனாவுக்கு மை வாங்கணும். கிரேஸ் கச்சேரியில் இதுவரை: குட்டி ஆடு. பஸ் பிரேக். ரேடியோ திருகும் சத்தம். அவ அப்பா தும்மல் (இன்னும் தேறவில்லை).

"மாமா, இன்னும் ஒரே ஒரு தபா!"

"ஊஹும். டீச்சர் உத்தரவு."

என் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். வயலின் வேண்டும் என்று அழுத முதல் பிள்ளை உலகத்தில் இவள்தான். சரித்திரத்தில் எழுதுக.

9, சனி

வெற்றி! முரசு எங்கே? யானை எங்கே?

காலையில் டீச்சர். சங்குக்கு இழுத்த அதே நீள வில்லில் ஒரு ஞானப்பாட்டின் முதல் வரியை வாசிக்க வைத்தார். பாடம் என்றே தெரியாமல் வாசித்துவிட்டாள்! அந்தக் குஷியில் கொல்லைக்கு ஓடி முழு மூச்சாக ஒரு சங்கு.

அதன் பின் நடந்தது: டேனரி ஆட்கள் நாலாயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். மெட்ராஸ் ரயில் நின்று டிரைவர் சோறு கேட்டார். பள்ளிகொண்டாவில் படுத்திருக்கும் பெருமாளே ஒரு முறை புரண்டு படுத்ததாகக் கேள்வி. ஊறப்போட்ட தோல் ஒன்று "ம்மா" என்றது.

பின்கேட் வாட்ச்மேன் கரீம் பாய் கொல்லைக்கதவைத் தட்டினார். விரலில் சோறு.

"யாரும்மா சங்கு ஊதினது? கேட்டைத் தொறந்துட்டேன். மணி பதினொண்ணுதானாம், மேஸ்திரி பேஜார் பண்றாரு!"

அக்கா: "எம் பொண்ணுதான் பாய், வயலின்ல. மன்னிச்சிக்குங்க."

"வயலினா? தமாஷ் பண்ணாதீங்க. எங்க பாப்பா, இன்னொரு தபா ஊது!"

ஊதினாள். பாய் வாயைப் பிளந்தார். "அப்படியே நம்ம சங்கு!"

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யாரோ மகாராணி மாதிரி, "உள்ள வாங்க பாய், டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

10, ஞாயிறு

காற்று. ஆராதனை முடிந்ததும் அக்கா பெட்டியோடு, சர்ச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் நேராகப் போனாள். கிரேஸ் என் கையை நசுக்கினாள். அவர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார்.

"குடுக்க வரலீங்க. வில்லுக்குப் பூசற மெழுகு எந்தக் கடையில கெடைக்கும்னு கேக்கலாம்னு வந்தேன்."

நேற்று எழுதியதில் நாலாயிரம் பேர், ரயில், பெருமாள், தோல் எல்லாம் என் கைச்சரக்கு. கரீம் பாய் மட்டும் நிஜம்.