கிளட்சை மிதித்தால் நிற்காது

வைகாசி 25, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். தென்னை மட்டை அசையவில்லை. ஆற்றில் தண்ணீர் எப்போது என்று தெருவெல்லாம் பேச்சு. வாய்க்காலில் இப்போதைக்கு நாய் படுத்திருக்கிறது.

செய்ய வேண்டியவை: பிரஷர் மாத்திரை. கலப்பைக் கொழு நான்கு தேய்ந்துவிட்டது. டீசல். திருவையாற்று மெக்கானிக் அந்தோணிக்கு மறுபடி போன்.

டிராக்டருக்கு என் கல்யாணத்தைவிட இரண்டு வயது அதிகம். அப்பா வாங்கியது. இன்ஜின் இன்றும் சிங்கம். ஒரே சனியன் ஹைட்ராலிக் பம்ப். பழைய வண்டி, பம்ப் பின்னால், கிளட்சுக்கு அந்தப் பக்கம். கிளட்சை மிதித்தால் வண்டியும் நிற்கும், கலப்பையைத் தூக்கும் லிப்டும் பாதியில் நிற்கும். வரப்போரம் திரும்ப வேண்டுமானால் மிதி, நியூட்ரல் போடு, விடு, தூக்கு, மறுபடி மிதி. சேற்றில் இந்தக் கூத்து தெரிந்த ஒரே ஆள் முருகையன். முப்பது வருஷமாக என் டிரைவர். (இனி மு. அவனுக்கு முழுப் பெயர் எழுதினால் மை தண்டம்.)

இன்ஜின் முன்னால் புதுப் பம்ப் வைக்கலாம் என்கிறான் அந்தோணி. இன்ஜின் ஓடுகிற வரை லிப்ட் தூக்கும், கிளட்சோடு சம்பந்தமே இல்லை. "லீவர் ஒண்ணுதாங்க. கொழந்தகூட ஓட்டும்."

குழந்தை ஓட்டுமென்றால் நான் ஓட்ட மாட்டேனா? பிறகு மு. எதற்கு? குறுவை உழவோடு சரி. இப்போது சொல்லக்கூடாது. சொன்னால் வேலையில் மனசு வைக்க மாட்டான்.

வைகாசி 27, புதன்

புழுக்கம். அந்தோணி வந்துவிட்டான். பம்ப், இரண்டு ஹோஸ், ஒரு டப்பா ஆயில். லீவர் தகட்டையும் மாற்றச் சொன்னேன். பழைய தகட்டில் பல் தேய்ந்து நடு என்பதே கிடையாது. ஒன்று உச்சி, இல்லையென்றால் பாதாளம். அதனால்தான் கலப்பையை ஓர் உயரத்தில் நிறுத்த வேண்டுமானால் பின்னால் நிற்பவன் "கிளட்ச்!" என்று கத்துவது. எங்கள் வீட்டில் "கிளட்ச்" என்றால் "நிறுத்து" என்று அர்த்தம். அப்பா கத்தினார். நான் கத்துகிறேன்.

மு. பக்கத்திலேயே குந்தியிருந்தான். காதில் விழுந்தது:

"அப்ப கிளட்ச மிதிச்சா லிப்ட் நிக்காதாண்ணே?"

"நிக்காது. லீவர நடுவுக்குக் கொண்டாந்தாத்தான் நிக்கும்."

"சுத்தமா நிக்காது?"

"எத்தன தடவ கேப்பீங்க!"

மரமண்டை. மூன்று தடவை கேட்டான்.

கமலா அவனுக்குக் காபி கொடுத்து "வாங்க, எடுத்துக்குங்க" என்கிறாள். அவன் மகள் காலேஜில் லெக்சரர் ஆனதிலிருந்து என் பெண்டாட்டிக்கு இந்த வியாதி. மகள் பாடம் நடத்தினால் அப்பன் "வாங்க" ஆகிவிடுவானா? எனக்கு அவன் "வாடா"தான்.

வைகாசி 28, வியாழன்

மேகம், மழை இல்லை. பம்ப் ஓடியது. லிப்ட் எழுந்தது. கண் நிறைந்துவிட்டது.

அப்போது ஹோஸ் இணைப்பு நெகிழ்ந்து ஆயில் பீய்ச்சியது. என் வெள்ளை வேட்டி பாழ். மு. தாவிப் போய் லீவரை நடுவுக்குத் தள்ளினான். ஆயில் நின்றது.

நின்றால்? என்னைக் கேட்காமல் தொடலாமா?

"எவனக் கேட்டுடா தொட்ட? நான் தூக்குன்னா தூக்கு. மிதின்னா மிதி. மூளைய வீட்ல வெச்சுட்டு வா."

"சரிங்கய்யா."

அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் மெதுவாக, "அவரு செஞ்சது சரிதாங்க" என்றான். உன்னைக் கேட்டேனா என்றேன்.

நல்ல பசி. இட்லி இரண்டு கூடுதல்.

வைகாசி 30, சனி

டீக்கடை எதிரில் திடலில் ஓட்டிப் பார்த்தேன். நானே. திரும்புகிறேன், தூக்குகிறேன், கிளட்சை மிதிக்கிறேன், கலப்பை தன்பாட்டுக்கு எழுகிறது. வெண்ணெய்.

பிறகு மு.வை ஏற்றி உட்காரவைத்தேன். லிப்ட் எழும்போது கிளட்சை மிதிக்கச் சொன்னேன். மிதித்தான். நிற்கவில்லை. இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னேன். அப்போதும் நிற்கவில்லை. நான்கு தடவை.

"பாத்தியாடா? ஒன் முப்பது வருஷமும் இந்த ஒரு லீவர்தான்."

கடையில் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பல் மட்டும். வாயை அடக்கியிருக்கலாம், முடியவில்லை. "உழவு முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்க" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. என் டைரியில் எனக்கே பொய் சொல்லுவானேன்.

மு. இறங்கி, சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டுப் போனான்.

ஆனி 1, திங்கள்

தண்ணீர் வந்துவிட்டது. நுரையும் சருகுமாக. நாய் எழுந்து போய்விட்டது. கொழு மாற்றக் கழற்றிய கலப்பையை நாளைக்கு மாட்ட வேண்டும். கொழு வந்தாயிற்று. மாத்திரை மறந்துவிட்டேன்.

ஆனி 6, சனி

இடது கை. கோழி கிளறின எழுத்து.

செவ்வாய்க்கிழமை காலை. மு. சீட்டில். நான் பின்னால். லிப்டின் கீழ்க் கைகள் இரண்டிலும் கலப்பையை மாட்டியாயிற்று. மேல் கம்பியில் ‘பின்’ என்கிற பூட்டாணியைச் செருக வேண்டும். ஓட்டையும் ஓட்டையும் ஒத்துவர வேண்டும். விரலை விட்டுப் பார்ப்பது அப்பா காலத்து வழக்கம். விட்டேன்.

"தூக்கு... கொஞ்சம்... இன்னும்... கிளட்ச்!"

மிதித்தான். கண்ணால் பார்த்தேன், பெடல் தரையைத் தொட்டது. லிப்ட் நிற்கவில்லை. கிளட்ச், கிளட்ச் என்று கத்தினேன். இன்னும் அழுத்தி மிதித்தான். கை லீவருக்குப் பக்கத்தில், தொடையின் மேல். அசையவில்லை.

ஆள்காட்டி விரல் இரண்டு கணு போய்விட்டது. நடுவிரலில் நுனி.

நாலு தடவை அவனை மிதிக்க வைத்துச் சிரித்தவன் நான். நிற்காது என்று ஊருக்கே காட்டியவன் நான். வாயில் வந்தது கிளட்ச்.

ஆனி 8, திங்கள்

தூறல். கை விண்விண் என்கிறது. மு. பார்க்க வந்தான். சாத்துக்குடி. நின்றுகொண்டே இருந்தான், நானும் உட்காரச் சொல்லவில்லை.

"ஏன்டா லீவரத் தள்ளல?"

"சொல்லாம தொடக்கூடாதுன்னீங்க."

"கிளட்ச்ல நிக்காதுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியுங்கய்யா. நாலு வாட்டி காட்டுனீங்களே."

"வேணும்னே செஞ்சியா?"

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "மூளைய வீட்ல வெச்சுட்டு வந்துருந்தேங்க. அது இருந்தாத்தானே சொல்ல முடியும்."

சாத்துக்குடியைத் தூக்கி எறிய நினைத்தேன். எறிகிற கைதான் கட்டுப் போட்டிருக்கிறதே.

ஆனி 10, புதன்

அண்டை வயல்காரர்கள் எல்லோரும் உழுதாயிற்று. என் வயலில் தண்ணீர் சும்மா நிற்கிறது, நாற்று முற்றுகிறது. இன்னும் நான்கு நாள் போனால் நாற்று மாட்டுக்குத்தான். என்னால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. வெளி ஆள் இரண்டு பேர் வந்து, அந்தக் கலப்பையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கழுவியும் கறை போகவில்லை.

கமலா அவன் வீட்டுக்கே போனாள். வந்து சொன்னாள்: "வர்றாராம். ஆனா நீங்க வாசல்ல நின்னு ‘வாங்க’ன்னு கூப்புடணுமாம்."

மாட்டேன் என்றேன்.

"அப்ப நாத்த மாட்டுக்குப் போடுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆனி 11, வியாழன்

வெயில். வாசலில் நின்றேன். தெருவில் ஆட்கள். சொன்னேன்: "வாங்க, முருகையன்."

பெயரை முழுதாக எழுதுகிறேன். இடது கையில் எழுத அரை நிமிஷம் ஆகிறது.

வந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. சீட்டில் ஏறினான். இன்ஜின் ஒரே அடியில் பிடித்தது. கலப்பை அன்றைக்கு விட்ட இடத்திலேயே இருந்தது, மேல் கம்பி பின் இல்லாமல் தொங்கியபடி.

"பின் போடணுமேய்யா. பின்னால ஒரு ஆளு வேணும்."

வேறு ஆள் இல்லை. போய் நின்றேன். இடது கையில் பின். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடை.

முருகையன் லீவர் மேல் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்கய்யா" என்றான்.