சாடியில் கட்டின அட்டை

தன்னாமுனை
20.01.2008

அன்புள்ள தம்பி நிலோஜனுக்கு,

நாங்கள் சுகம். அத்தானும் உன்னைக் கேட்டார். அம்மாவின் திவசத்துக்கு வந்தவன், என் அந்தூரியப் பூச்சாடிகளை ஏறாவூரில் ஸாலிஹாவின் கடையில் விற்பது வெட்கக்கேடு என்று சொல்லிவிட்டுப் போனாய். சுனாமி வந்து, நாவலடியிலிருந்து கட்டின சேலையோடு இங்கே வந்து நான் வளர்த்த முதல் பத்துச் சாடியை விற்க எடுத்தவள் அவள்தான்.

றோட்டோரம் மேசை போட்டும் பார்த்தேன். வேனை நிறுத்துகிறார்கள், இலையைத் தடவுகிறார்கள், "எங்கட வளவிலயும் இது நிக்குது" என்று சொல்லிப் போகிறார்கள். மணிபிளான்ற் களவெடுத்து நட்டால்தான் தழைக்குமாம். அதனால் அதை வாங்க ஒருவரும் இல்லை, களவெடுக்க மட்டும் வருகிறார்கள். இந்த மூதேவிகளுக்கு நீ சொன்ன கொழும்புப் பூக் கம்பெனி மேல். அனுப்பிப் பார்க்கிறேன். ஸாலிஹாவிடம் என்ன சொல்ல?

அன்பு அக்கா,
சுலோஜனா


கொழும்பு
03.02.2008

அன்புள்ள அக்கா,

இப்போதாவது புத்தி வந்ததே. சீனிக்கும் மாவுக்கும் நடுவில் அந்தூரியத்தை வைத்து விற்பதெல்லாம் ஒரு வியாபாரமா? இங்கே பேரமே இல்லை. சாடிக்குச் சாடி, வளர்த்தவரின் படம் போட்டு ஓர் அட்டை கட்டுவார்கள். திவசத்துக்கு வந்தபோது கன்றுப் பந்தலில் நான் எடுத்த உன் படத்தைக் கொடுத்தேன். வேர்த்துக் களைத்து நிற்கிறாய், அதுதான் நல்லது என்றார்கள்.

சாடிக்கு மண் போடாதே, சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். தென்னந்தும்பும் கரியும் போதும். ஸாலிஹாவிடம் கன்றெல்லாம் பட்டுப்போச்சு என்று சொல்லிவிடு.

உன் தம்பி,
நிலோஜன்


தன்னாமுனை
14.06.2009

நிலோஜன்,

யுத்தம் முடிந்ததும் ஸாலிஹாவின் தம்பி நௌஷாட் கொழும்பு போயிருக்கிறார். பெரிய கடையொன்றில் என் அந்தூரியத்தைக் கண்டு ஒன்று வாங்கி வந்தார். ஒரு வருடத்துக்கு மேலாக என் வாசல் படலையைத் தாண்டாத ஸாலிஹா நேற்று அந்தச் சாடியோடு வந்தாள்.

"பட்டுப்போச்செண்டு நீ சொன்ன கன்றுதான், பார், பூவோட நிக்குது" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு இங்கிலீஷ் அட்டையைக் காட்டினாள். "நௌஷாட் வாசிச்சுச் சொன்னான் புள்ள. நீ விதவையாம். சுனாமியில புருஷனப் பறிகுடுத்தியாம்."

அத்தான் பக்கத்திலிருந்து தும்பு நனைத்துக்கொண்டிருந்தார். தும்பை வைத்துவிட்டு எழும்பிப் போனார், சோறும் தின்னவில்லை.

படத்தைப் பார்த்தேன். வேர்வையில் பொட்டு அழிந்திருக்கிறது. அட்டை எழுதினவனுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பின மனிசன். கடலே விட்டுவைத்தவரை நீ கொன்றாயா? தெரிந்தா செய்தாய், தெரியாமலா? அதை மட்டும் எழுது.

சுலோஜனா


கொழும்பு
28.06.2009

அன்புள்ள அக்கா,

பொட்டில்லாததைப் பார்த்து அவர்களாகவே எழுதினார்கள். திருத்தச் சொல்லத்தான் போனேன். அட்டை கட்டின பிறகு இரண்டு மடங்கு விற்கிறது என்றார்கள், விட்டுவிட்டேன். ஒரு சொல்தானே அக்கா. இங்கே பூவையா வாங்குகிறார்கள்? கண்ணீரைத்தான் வாங்குகிறார்கள். ஏறாவூர்க் கடையில் இருந்துகொண்டு இது உனக்கு விளங்காது.

அடுத்த மாதம் ஹோட்டல் ஒன்றில் கண்காட்சி. வெள்ளைக்காரர் வருவார்கள், நீயும் கட்டாயம் வரவேண்டும். பொட்டு மட்டும் வைக்காதே, தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொள். ஒரு நாள்தானே. அத்தானைக் கூட்டிவர வேண்டாம். என் மனைவி தனுஷியாவும் நானும் பஸ்ஸடிக்கு வருவோம்.

உன் தம்பி,
நிலோஜன்


தன்னாமுனை
05.07.2009

நிலோஜனுக்கு,

கன்றெல்லாம் ஸாலிஹாவின் கடைக்குப் போய்விட்டது. சொன்ன பொய்க்கு ஒரு மணித்தியாலம் என்னை ஏசினாள், வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகுதான் சாடிகளை இறக்கவிட்டாள். சீனிக்கும் மாவுக்கும் நடுவில்தான் நிற்கின்றன.

அத்தான் தன் கையால் பலகை எழுதி மேலே தொங்கவிட்டிருக்கிறார்: "இளையதம்பியின் பெண்சாதி சுலோஜனா வளர்த்தது." இரண்டு எழுத்துப் பிழை. திருத்த நான் விடவில்லை. வாசித்துச் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டு வாங்குகிறார்கள்.

உன் கண்காட்சிக்கு நான் எதற்கு? வீட்டிலேயே தனுஷியா இருக்கிறாள். பொட்டை அழித்துவிட்டு அவளைப் படம் எடு. பக்கத்தில் நீ நின்றுவிடாதே, விற்காது.

திருமதி சுலோஜனா இளையதம்பி