வலப்பக்கம் சத்தமே இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

இன்று எனக்குத் தலைகால் புரியவில்லை! மூச்சுத் திணறி வந்த ஒரு தச்சரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இடப்பக்கம் மூச்சு நன்றாகக் கேட்டது. வலப்பக்கம் சத்தமே இல்லை. விரலால் தட்டினால் காலிப் பானைபோல ஒலித்தது.

"சார், நுரையீரலுக்கு வெளியே காத்து சேர்ந்து அதை அமுக்குது," என்றேன் பேராசிரியரிடம்.

அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கே!"

குழாய் வைத்துக் காற்றை வெளியேற்றியதும், சுருங்கியிருந்த நுரையீரல் விரிந்தது. "இப்பத்தாம்மா உசிரே வந்துச்சு," என்றார் தச்சர்.

இங்கே குளிர் கொஞ்சம்தான். ஆனாலும் அம்மாவின் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம், அவள் வாசம் போய்விடும். வார்டுக்கு மணியாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்