பதிவின் முடிவில் ஒரு குரல்

12 பிப்ரவரி 2025, புதன்

அபர்டீன் பஜாரில் குடை வாங்கினேன். சனி, ஞாயிறு லாங் ஐலண்ட் தீவில் எங்கள் பறவைச் சங்கத்தின் கூடுகை. என் வீட்டுக்காரர் ஸ்ரீதர் இறந்த பிறகு நான் தனியாகப் போகும் முதல் கூடுகை.

தலைவர் பக்தவத்சலம் சார் போன் செய்தார். என் வீட்டுக்காரர் கடந்த வருடம் அங்கே பதிவு செய்த கரும் மரங்கொத்தியின் குரலை, அதே மரத்தடியில் ஸ்பீக்கரில் போட்டு அவரை நினைவுகூரலாமா என்று கேட்டார். “நீங்க சரின்னாதாம்மா.” சரி என்றுவிட்டேன்.

பறவைக்குரல் பதிவு செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் இடம், தேதி, தன் பெயர் சொல்லித்தான் நிறுத்துவார்கள். ஆக, அந்தப் பதிவின் முடிவில் அவர் இருக்கிறார். என் போனில்தான் கிடக்கிறது. தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை. கூட்டத்தோடு கேட்டால் தாங்கிக்கொள்வேன் — அப்படி ஒரு கணக்கு.

14 பிப்ரவரி

கப்பலில் வாந்தி. அவர் இருந்திருந்தால் கிண்டல் செய்தே கொன்றிருப்பார்.

15 பிப்ரவரி, சனி

எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், எனக்குக் காய்ச்சல் என்பதுபோல. எரிச்சலாக வந்தது. பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

நாளைக் காலை போடுகிறார்கள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

விடிந்ததும் மரத்தடிக்குப் போனோம். வங்கியில் வேலை பார்க்கும் அருண்பிரசாத் என் போனை ஸ்பீக்கரில் இணைத்தார். குரல் எழுந்ததும் மரங்கொத்தி வந்துவிட்டது. எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள். எனக்கும் சந்தோஷம்தான், அவரே கூப்பிட்டு வந்ததுபோல.

பிறகுதான் பார்த்தேன். அதன் அலகில் புழு. மேலே பொந்துக்குள் குஞ்சுகளின் சத்தம். தன் இடத்தில் வேறொரு ஆண் பறவை நுழைந்துவிட்டதாக நினைத்து, புழுவைக் கீழே போட்டுவிட்டுக் கிளை கிளையாய்ப் பறந்து தேடியது. அங்கே இல்லாத ஒருவனை.

ஐயோ, என்ன பண்ணிக்கிட்டிருக்கோம்? இன்னும் கொஞ்சம்தான், அவர் பேசுவார். அதுக்குத்தானே வந்தேன்? பொறுத்துக்கலாமா? குஞ்சு பசியில கத்துதே —

“போதும். நிறுத்துங்க” என்றேன்.

“அக்கா, முடியப்போகுது. சார் குரல் வரும்.”

“தெரியும். நிறுத்துங்க.”

நிறுத்தினார். எல்லோரும் தள்ளிப்போய் நின்றோம். வெகுநேரம் கழித்துத்தான் பறவை பொந்துக்குத் திரும்பியது. கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் போட்டது தன் தவறு என்றார் பக்தவத்சலம் சார். இனி கூடு கட்டும் காலத்தில் சங்கத்தில் யாரும் குரல் போட்டுக் கூப்பிடுவதில்லை என்று முடிவானது.

திரும்பும்போது கப்பலில் அழுதேன். யார் பார்த்தால் என்ன.

20 பிப்ரவரி

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

8 மார்ச், சனி

மறுபடி லாங் ஐலண்ட். இந்த முறை யாருடனும் வரவில்லை. மரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தேன். எதையும் போடவில்லை. பொந்தின் வாயில் ஒரு குஞ்சு தலையை நீட்டியது. அப்பன் தீனியோடு வந்தான். நான் பதிவு செய்தேன். முடிவில், “லாங் ஐலண்ட். மார்ச் எட்டு. பதிவு செய்தது வைஜெயந்தி” என்றேன். பதிவை நிறுத்தினேன்.

பிறகு படகுத்துறைக்கு வந்து, ஹெட்போனை மாட்டி, அவருடையதைக் கேட்டேன். இடம் சொன்னார், தேதி சொன்னார், பெயர் சொன்னார். நிறுத்துவதற்குள் இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது: “வைஜி, தண்ணி பாட்டில் உன்கிட்டதானே இருக்கு?”

அன்று நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மறந்தே போயிருந்தது.

பாட்டில் இன்றும் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் குடித்தேன்.