இலக்கியா என்னிடம் சொன்னது

ஜூன் 11, 2025 – புதன்

வேன்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார், நான் இன்னும் ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பையை மாட்டிக்கொண்டு நின்ற இலக்கியா இடுப்பில் கை வைத்து, "ஒன்ன வச்சிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே" என்றாள். நாலரை வயது. எங்கே பிடித்தாளோ. என் வாயிலிருந்துதானோ? சிரித்த சிரிப்பில் காலுறையை மறந்து வெறுங்காலில் ஷூவை மாட்டி அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் செந்தில்குமாரிடம் சொன்னேன். அவருக்கு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை. நாளெல்லாம் குனிந்து உடைந்த கண்ணாடி மாற்றிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க, அப்பாவுக்கு ஒரு தடவ சொல்லு" என்று போனைத் தூக்கினார். முதல் தடவை என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் போனைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூன் 29 – ஞாயிறு

அவர் போட்ட ரீல்ஸ் நன்றாக ஓடுகிறதாம். கடைக்கு வருகிறவர்கள் "பாப்பா வரலையா?" என்று கேட்கிறார்களாம். செந்தில்குமார் இப்படிச் சந்தோஷமாக இருந்து பார்த்து எத்தனை நாளாயிற்று. நானும்தான் மீன்சுருட்டி ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் காட்டினேன். லேபில் எல்லோரும் சிரித்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

இன்று காய் வண்டிக்காரர் ஏதோ கேட்க, "அம்மா இப்ப பேசற நெலமையில இல்லண்ணே, அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் தலைவலியில் படுத்திருந்தேன். அவர் வண்டிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, மறுபடியும் கேட்கச் சொல்லி எடுத்தார்.

ஜூலை 17 – வியாழன்

நாலாம் மாதம் ஆகிவிட்டது, இனிச் சொல்லலாம் என்று இலக்கியாவிடம் சொன்னோம், தம்பியோ தங்கச்சியோ வரப்போகிறது என்று. கொஞ்சம் யோசித்தாள். "இப்ப இருக்குற வெலவாசியில எதுக்கும்மா?" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். போன் சார்ஜில் கிடந்தது, எடுக்க முடியவில்லை என்று அரை நாள் புலம்பல்.

அப்புறம் தனியாக என்னிடம் வந்து, அது தன் பக்கம் படுக்குமா, என் பக்கம் படுக்குமா என்று கேட்டாள். உன் பக்கம்தான் என்றேன். தலையணையை நகர்த்தி இடம் விட்டுப் படுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 9 – சனி

அரியலூர் ஆஸ்பத்திரி. இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 13 – புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது சொல்கிறார்கள். வயசு இருக்கு, அடுத்தது தங்கும், கண் பட்டிருக்கும். தலையாட்டுகிறேன். எதுவும் காதுக்குள் போகவில்லை.

போனது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டில் மேல் ஏறி உட்கார்ந்தாள். என் கையில் ஊசி குத்தியிருந்த இடத்தைத் தொடாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "போனது போச்சும்மா. நீ எந்திரிச்சு சாப்புடு. நான் இருக்கேன்ல" என்றாள். அதுவரை கல் மாதிரிக் கிடந்தவள் வாய்விட்டு அழுதேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் கட்டில் காலடியில் நின்றிருந்தார். அவரும் அழுகிறார், அதனால்தான் கையை முகத்துக்கு நேராக வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 2 – செவ்வாய்

லீவு முடிந்து நேற்றிலிருந்து வேலைக்குப் போகிறேன். இன்று இதை எழுத வேண்டும், எழுதாமல் முடியாது.

சர்க்கரை பார்க்க ஒரு பெரியம்மா வந்தார். கையை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி உள்ளே போனதும், "ஒங்க பாப்பாதான அந்த 'போனது போச்சு' சொல்றது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கட்டில்ல படுத்து அழுதீங்களே. பாத்துட்டு நானும் அழுதேங்க. எம் மருமவளும் அழுதா."

ரத்தம் எடுத்தேன். பஞ்சு வைத்து, கையை மடக்கிக்கொள்ளச் சொன்னேன். குழாயில் பெயர் எழுதினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். அடுத்த ஆளைக் கூப்பிடாமல் எழுந்தேன்.

மருந்து கொடுக்கிற ராசாத்தி அக்காவிடம் போனேன். அந்த வீடியோ அவர் போனில் இருந்தது. "ஒனக்குத் தெரிஞ்சுதான் போட்டுருக்காருன்னு நெனச்சேன் சித்ரா" என்றார். அப்படியானால் இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நேற்று நான் வந்து நுழைந்தபோது எல்லோருக்கும் தெரியும்.

நைட்டி. அவிழ்ந்து கிடக்கிற தலை. தொங்குகிற குளுக்கோஸ் பாட்டில். என் வாய் கோணிக்கொண்டு போவது. பின்னால் உருகி உருகி ஒரு பாட்டு வேறு. பார்த்தவர்கள் ஐந்து லட்சம் பேர். நான் அழுதால் இப்படி இருப்பேன் என்று எனக்கே இன்றுதான் தெரியும்.

இலக்கியாவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் சொல்லிக் கொடுத்தாரா? அவள் போன் பக்கம் பார்க்கிறாளா? இல்லை. கடைசிவரை என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

செப்டம்பர் 3 – புதன்

கேட்டேன். "எத்தன பேரு ஒனக்காக அழுதுருக்காங்க தெரியுமா? ஒருத்தங்ககூட தப்பா எழுதல, படிச்சுப் பாரு" என்று போனை நீட்டினார்.

எனக்காகவா? நான் எங்கே கேட்டேன்?

செத்தது உங்களுக்கும் பிள்ளைதானே என்று கேட்டேன். "நான் என்ன, அழுவலன்னு நெனைக்கிறியா?" என்றார். அழுதிருப்பார். நான் இல்லை என்று சொல்லவில்லை. எடுத்து முடித்துவிட்டு அழுதாரா, எடுக்கும்போதே அழுதாரா – அதைத்தான் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அந்த வீடியோவை நீக்கிவிடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்.

செப்டம்பர் 5 – வெள்ளி

அப்பா போன் செய்தார். கங்கைகொண்ட சோழபுரத்தில் டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்களாம். கொளஞ்சியப்பன் பேத்தி என்ன அறிவு என்று பேசிக்கொண்டார்களாம். சந்தோஷமாகச் சொன்னார். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கடைசியில் கேட்டார்.

செப்டம்பர் 21 – ஞாயிறு

பெரம்பலூரில் புதிதாக ஒரு துணிக்கடை திறப்பு விழா. இலக்கியாவை மேடை ஏற்றுவதாக அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். வேண்டாம் என்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். இல்லை, அதுகூட முழு உண்மையில்லை. தடுத்து நிறுத்தத் தெம்பில்லை.

கடைக்காரர்களே பட்டுப்பாவாடை கொடுத்து உடுத்தியிருந்தார்கள். மேளம் நின்றதும் மைக்கை அவள் வாயருகே வைத்து, "எங்க பாப்பா, அந்த டயலாக்க சொல்லு" என்றான் ஒருவன். டயலாக். அவள் கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அவர் கீழே நின்று "போனது... போனது..." என்று எடுத்துக் கொடுத்தார். அவள் உதடு துடித்தது.

அப்போது கூட்டமே சேர்ந்து "போனது போச்சு" என்று கத்தியது. கை தட்டினார்கள். சிரித்தார்கள். எத்தனை பேர், ஆண்களும் பெண்களும், கையில் ஐஸ்கிரீமோடு பிள்ளைகளும். என் பிள்ளை போனதை.

நான் மேடையேறி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாவாடை நனைந்திருந்தது. வழி முழுக்க காரில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் மட்டும் என்றால் பரவாயில்லை. அவளிடமும் பேசவில்லை.

செப்டம்பர் 24 – புதன்

துணி மடித்துக்கொண்டிருந்தேன். இலக்கியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் சட்டை ஒன்றை எடுத்து அவளுக்குத் தெரிந்த மாதிரி மடித்தாள். மூன்று நாளாக அப்பா சரியாகப் பேசாததைச் சொன்னாள். அப்புறம் ரொம்ப சாதாரணமாக, "அம்மா, நீ இன்னொரு தடவ ஆஸ்பத்திரியில போய் அழுவுறியா? இந்தத் தடவ மறக்காம சொல்லிடுறேன்" என்றாள்.

மடித்த துணியை அப்படியே பைக்குள் வைக்க ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 26 – வெள்ளி

அப்பா வீடு. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது அப்பா முந்திரிக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அம்மா இருந்திருந்தால் முதலில் சோறு போட்டிருப்பாள். அப்பாவுக்குக் காரணம் வேண்டும்.

குடிக்கிறாரா? இல்லை. அடித்தாரா? இல்லை. வேறு ஏதாவது பொம்பளை சகவாசமா? இல்லை.

"வீடியோ எடுத்தாருன்னா வூட்ட வுட்டு வந்துருவாங்க?"

இதற்கு ஊரில் ஒரு பேர் இல்லை. அடித்திருந்தால் காட்டத் தழும்பாவது இருந்திருக்கும். இதைப் போட்டுக் காட்டினால் "நல்லாத்தான இருக்கு" என்கிறார்கள்.

அக்டோபர் 5 – ஞாயிறு

வந்தார். மாமனாரும் கூட வந்தார். பெரியவர்கள் இருவரும் நடுவில் உட்கார, என் கண் முன்னாலேயே அந்த வீடியோவை நீக்கினார். நீக்கிவிட்டேன் பார் என்று காட்டினார். யார் யாரோ தங்கள் பக்கத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டது அப்படியேதான் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.

"அவளாத்தான் பேசுனா, நான் எடுத்தேன். நான் என்ன சொல்லிக் குடுத்தனா?" என்றார் என் அப்பாவிடம், என்னிடம் இல்லை.

நான் சொன்னேன்: "அவ எங்கிட்ட பேசுனா. உங்ககிட்ட பேசல, ஊருகிட்ட பேசல. அந்த ஒரு வார்த்தையிலதான் நான் எந்திரிச்சேன். இப்ப அத நெனைச்சா அந்தப் பாட்டுதான் காதுல கேக்குது."

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்னப் பிள்ளை வளர்ந்தால் எல்லாம் மறந்துவிடும் என்றார். இலக்கியா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். வாய் திறப்பாளோ என்று எல்லோரும் அவளையே பார்த்தோம். எல்லோரும்தான், நானும்தான். அவள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

இவர்களோடு நான் போகவில்லை.

நவம்பர் 17 – திங்கள்

பெரம்பலூருக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. மாடி வீடு. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. கீழ் வீட்டு ஷரீபாக்காவுக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு, வீட்டுக்காரர் துபாயில். என்ன ஏது என்று ஒன்றும் கேட்காமல் முதல் நாளே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

புதுப் பள்ளிக்கூடத்தில் இலக்கியா பேசுவதில்லையாம். டீச்சர் ரொம்ப நல்ல பிள்ளை என்று புகழ்கிறார். சத்தமே இல்லை, அழுவதே இல்லை, பென்சிலைப் பிடுங்கினால்கூடப் பரவாயில்லை என்கிறாளாம். புகழ்ச்சிதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டில் ஏதாவது சொல்ல வந்தால் முதலில் என் கையைப் பார்க்கிறாள். கையில் போன் இருந்தால் சொல்வதில்லை. நான் அதை அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும், அதற்குள் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது.

டிசம்பர் 14 – ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். போனை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வருகிறார், நான் சொல்லாமலேயே. அதற்காக நான் மனம் இளகவேண்டுமோ என்னவோ. இளகவில்லை.

எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், அப்பாவும் மகளும். அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா. "ம்." கொண்டுவந்த பிஸ்கட்டைப் பிரித்து அவரே ஒன்று சாப்பிட்டார். இறங்கிப் போகும்போது, "எங்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்குறா?" என்று கேட்டார். எல்லோரிடமும்தான் பேசுவதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்குள் கசப்பு இருக்கிறது.

ஜனவரி 2, 2026 – வெள்ளி

பிறந்திருந்தால் இந்த வாரம்.

பிப்ரவரி 8 – ஞாயிறு

ஷரீபாக்காவின் மகள் ஃபர்ஹாவோடு மாடிப்படியில் ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறாள். நான் அடுப்படியில் இருந்தேன். தடதடவென்று சத்தம். ஓடிவந்தால் கடைசிப் படியில் குப்புறக் கிடக்கிறாள், முட்டி கிழிந்து ரத்தம்.

நான் போய்த் தூக்கும்வரை சத்தமில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு "பரவால்லம்மா" என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு கணம் நெஞ்சு நின்றது. அப்புறம் வாயைப் பிளந்து ஒரு கத்து கத்தினாள். தெருவே கேட்கிற கத்து. மூக்கு ஒழுகி, மூச்சு வாங்கி, என் தோளைக் கடித்து, வலிக்குது வலிக்குது என்று அழுதாள். ஃபர்ஹா தள்ளிவிட்டாள் என்று பொய் சொன்னாள். படியை அடி என்றாள். நான் படியை அடித்தேன். இன்னும் பலமாக அடி என்றாள்.

ஷரீபாக்கா பதறிப்போய் ஓடிவந்து, "என்னம்மா ஆச்சு, இப்படி அழுவுறா, அடி பலமா?" என்று கேட்டார்.

"ஒன்னுமில்லக்கா" என்றேன். "விழுந்துட்டா. அழட்டும்."

அங்கேயே படியில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கிறவரை மடியில் வைத்திருந்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்துவிட்டது.