எண்ணிக்கைக்கு இரண்டாவது ஆள்

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. அணையின் கடைசிச் சுவரையும் போன மாதம் உடைத்தாகிவிட்டது. வீட்டு முன்னால் அணை தேக்கியிருந்த ஏரி வடிந்து, உங்கள் படகுத்துறை சேற்றில் நிற்பதாக அம்மா சொன்னாள். நான் சிரித்ததை மறைக்கப்போவதில்லை.

அணையில் முட்டி மேலே போக முடியாமல் நின்ற மீன்களை மூன்று பருவம் எண்ணி, அணையை இடிப்பதா வேண்டாமா என்று நடந்த விசாரணைக் கூடத்தில் அறிக்கை கொடுத்தேன். அணையின் தலைமைப் பொறியாளரான நீங்கள் எழுந்து சொன்னீர்கள்: "எம் பொண்ணுதான் சார். பாவம், மீனுக்கும் சருகுக்கும் வித்தியாசம் தெரியாது." கூடமே சிரித்தது. அணைக்கு இன்னும் ஐந்து வருடம் ஆயுள் கிடைத்தது. எனக்கு மீன் கணக்கெடுக்கும் வேலை போயிற்று.

இப்போது திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆறு உங்கள் படகுத்துறையை ஒட்டி ஓடுகிறது. மீன்கள் ஏறத் தொடங்கிவிட்டன. அங்கேதான் எண்ண வேண்டுமென்று இடம் குறித்தவள் நான். ஒருவர் எண்ண, மற்றவர் எழுத, இருவரும் கையெழுத்திட வேண்டும். எண்ணுபவர் கரையில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"அவரு ஒத்துக்குவாராடி?" என்றாள் அம்மா.

"சருகு எண்ணத்தானேம்மா கூப்பிடுறேன்."

மறுத்தால், மறுத்தார் என்றே தாளில் எழுதுவேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வையுங்கள். அன்று கூடத்தில் பேசிய அதே குரலில் எண்ணுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்