நைட் டியூட்டிக்குப் பின் இரண்டு நாள்

என்றைக்கும் தூக்கம் போதாத என் அம்மாவுக்கு,

நம் மெட்டுகுடா வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். வார்டின் டியூட்டி சார்ட் போடும் பொறுப்பு இந்த வருடம் எனக்கு வந்தது. நான் நர்ஸ் ஆனதையே தெருவெல்லாம் சொன்னவள் நீ. நீ உயிரோடு இருந்திருந்தால் இதற்கு என்ன ஆட்டம் போட்டிருப்பாய்?

உன் ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி கொடுத்தாலும், "நக்கோ, வேணாம் சிஸ்டர், எனக்கு நைட்டே போதும்" என்பாயாம். காலையில் வந்து, எங்களுக்குத் தலைவாரி, டிபன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுப்பாய். உனக்கு நைட் பிடிக்கும் என்றே நினைத்திருந்தேன். எங்களுக்காகத்தான் என்று ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் தொடங்கியதும் உன் தலை சாய்ந்துவிடும். வெட்கத்தில் ஒருநாள் நான் வேறு வரிசைக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து, "ஆண்டவர் முன்னாடியாவது முழிச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"அவருக்கு என் டியூட்டி தெரியும்ட்டி. உனக்குத்தான் தெரியல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானே நைட் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

வேலூரிலிருந்து வந்த ஜோதி என் வார்டில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. நைட் வாரம் முடிந்து ஒரே நாள் இடைவெளியில் காலை டியூட்டிக்கு வந்தவள், மருந்துத் தட்டோடு தப்பான கட்டில் முன் நின்றாள். நல்லவேளை, நான் பார்த்துத் தடுத்தேன். அன்றே ராஜினாமா கடிதத்தை நீட்டினாள். "முடியலக்கா. தூக்கக் கலக்கத்துல புள்ளைய கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு."

நான் அதை வாங்கவில்லை. புதுச் சார்ட் போட்டேன்: முதலில் காலை, அடுத்து மாலை, கடைசியில் நைட். நைட் முடிந்தால் இரண்டு நாள் முழு ஓய்வு. ஆளுக்கு எங்கே போவது என்று மேட்ரன் சத்தம் போட்டார். குறைகிற இடத்தில் என் பெயரை எழுதுங்கள், ஒரு மாதம் பாருங்கள் என்றேன். இன்சார்ஜ் ஆனவர்கள் நைட் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன் அம்மா. இடுப்பு கழன்றுவிட்டது, ஆனால் ஒரு கட்டில்கூட கவனிப்பில்லாமல் கிடக்கவில்லை.

நேற்று மேட்ரன் கையெழுத்துப் போட்டார். இனி இதுதான் சார்ட்; கூடுதலாக ஒரு நர்ஸும் வருகிறாள். ஜோதி வேலையை விடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமையோடு ஒரு கோபமும் இருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகும் கடைசிவரை உனக்கு இரவில் தூக்கம் வரவே இல்லை. உனக்கு இப்படி ஒரு சார்ட் போட அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்திகூட இல்லையா?

இது யார் யோசனை என்று மேட்ரன் கேட்டார். எங்கம்மா உடம்பு சொன்னது என்றேன். நான் இங்கே இருக்கும்வரை, பிள்ளை பெற்ற எவளும் தன் தூக்கத்தை விற்றுத்தான் பிள்ளையை வளர்க்க வேண்டும் என்ற நிலை என் வார்டில் வராது. இது சத்தியம்.

உன் வேலையையே எடுத்துக்கொண்ட மூத்த மகள்,
ஸ்டெல்லா